எருமைத்தோல் ஸ்டாக் இல்லை: கூருணர்வு உள்ளவர்கள் முதன்முறை கவுன்சிலிங் போவது எப்படி

“அக்கா, எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கணும். அதுக்கு எதாச்சும் பண்ணுங்க.”

என் அறைக்கு முதன்முறை வருகிற பலர் இதை ஏதோ ஒரு விதத்தில் கேட்டுவிடுகிறார்கள். கல்லூரி முதலாண்டுப் பிள்ளை கேட்டிருக்கிறது, கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கும் பெரியவர் கேட்டிருக்கிறார், பேத்தி எடுத்த அம்மாவும் கேட்டிருக்கிறார். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் இவர்களுக்கு அன்றைய நாள் போச்சு. கல்யாண வீட்டு ரேடியோ செட் சத்தத்தில் தலை கிறுகிறுக்கும். பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலேயே ஆளுக்கொரு பட்டம் கிடைத்திருக்கும்: தொட்டாச்சிணுங்கி, அழுமூஞ்சி, “இவகிட்ட ஒண்ணு சொல்லிறப்படாது”.

எருமைத்தோல் என்னிடம் ஸ்டாக் இல்லை. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். மதுரையில் ஒரு மாடி அறையில் ஆற்றுப்படுத்துநராக, ஊரில் சொல்கிற கவுன்சிலராக, உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: இவர்களை வதைப்பதில் பாதிதான் உணர்வின் கூர்மை. மீதிப் பாதி, அந்தக் கூர்மைக்காக ஊரிடம் வாங்கிய வசவை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே வைவது. முதல் பாதியோடு வாழப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவது பாதியைத்தான் கரைக்க வேண்டும். அதற்கு யாரிடம் போவது, எப்படிப் போவது, அறைக்குள் என்ன நடக்கும் என்று புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் வரும் ஆட்கள் பலரைக் கலந்து நான் செய்தவர்கள். என்னிடம் வந்தவர்கள் இதில் தங்களைத் தேட வேண்டாம். தேடினால் ஆளுக்கொரு துண்டுதான் கிடைக்கும்.

1. முதலில் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்

இப்படி இருப்பதைத்தான் கூருணர்வு என்கிறேன். இது நோய் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் இதை ஒரு பிறவிக் குணமாக ஆராய ஆரம்பித்தார். கணவர் ஆர்தர் ஏரனோடு சேர்ந்து 1997இல் 27 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இப்படி இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு வந்த ஆய்வுகள் சில 30 வரைக்கும் போகின்றன. நான்கு அடையாளங்கள் சொல்வார். எதையும் ஆழமாக அசைபோடுவது, சீக்கிரம் திகட்டிப்போவது, அடுத்தவர் உணர்ச்சி நம்மேல் வந்து ஒட்டிக்கொள்வது, மற்றவர்கள் கவனிக்காத சின்ன மாற்றம்கூடக் கண்ணில் படுவது.

‘திகட்டல்’ என்பது நானாகப் போட்டுக்கொண்ட சொல். அறையில் அடிக்கடி சொல்வேன். ஒரு ஸ்பெஷல் ஜிகர்தண்டா ஒருவருக்கு முழுசாக இறங்கும். இன்னொருவருக்குப் பாதியிலேயே திகட்டும். பாதியில் வைத்தவரைப் பார்த்துக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தம், கண்டக்டர் கூவல், டீசல் புகை, தோளில் இடிக்கும் பை எல்லாம் சேர்ந்து ஒருவருக்குத் திகட்டினால் மட்டும் “இதுக்கெல்லாமா?” என்று கேட்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. 27 கேள்விக்கும் செல்போனில் பதில் தட்டிவிட்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் என்றால் அது குணமாக இருக்கலாம். போன வருஷம் வரை நன்றாக இருந்து, இப்போது திடீரென்று சத்தம் தாங்கவில்லை, படபடப்பு, தூக்கம் இல்லை, எடை குறைகிறது என்றால் முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமானால்கூட இப்படி வரும். ஒற்றைத் தலைவலி, பதற்ற நோய், மனச்சோர்வு, ஆட்டிசம், பழைய அதிர்ச்சி எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ‘ரொம்ப சென்சிட்டிவ்’ மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை.

2. யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார். பரிசோதனையும் பேச்சு சிகிச்சையும் செய்வார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆற்றுப்படுத்துநர் என்னைப் போல உளவியலோ சமூகப்பணியோ படித்துப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். ‘வேண்டும்’ என்றுதான் சொல்கிறேன். மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்து பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் நீங்கள் போய் மனதைத் திறந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

காசு இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில், ஊர்க்காரர்கள் சொல்கிற பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளியாகப் பார்க்கக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அந்த வராண்டாவே திகட்டலாம், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் போகவே தயக்கம் என்றால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு வந்தால் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். அந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. நேரம் குறிப்பது

இது சின்ன விஷயம், ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேலை முடித்து, ஆறரை மணிக்கு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் மாறி, வியர்த்து வந்து உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கவே சரியாகப் போய்விடும். காலை நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். முகூர்த்த நாளைத் தவிருங்கள். கால் மணி நேரம் முன்னால் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சும்மா இருங்கள்.

போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “எனக்குச் சத்தம், கூட்டமெல்லாம் சீக்கிரம் ஒத்துக்காதுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுறவங்கன்னா பரவாயில்ல.” இதற்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். “அதெல்லாம் சரி பண்ணிரலாம், தைரியமா இருங்க” என்று படபடவென்று பேசினால் ஒருமுறை யோசியுங்கள். “சரிங்க, வேற எதெது ஒத்துக்காது?” என்று கேட்டால் நல்ல சகுனம்.

4. அறைக்குள், முதல் நாள்

என்னிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், கணக்கு எழுதும் வேலை. இரண்டு வாரம் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், போனார். எனக்கு எதுவுமே ஒட்டவில்லை. மூன்றாவது வாரம் உட்கார்ந்தவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். “மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ஃபேன்...”

அப்போதுதான் என் காதிலும் அது விழுந்தது. ஃபேனின் மேல்மூடி லூஸாகி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. மாதக்கணக்காக அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கேட்டதே இல்லை. அவரோ இரண்டு வாரமாக அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். “நீங்க சொன்னதுல பாதி காதுல ஏறல மேடம். வீட்ல சொன்னா, ஒனக்கு மட்டும் என்னடா கேக்குதுன்னு வைவாங்க, அதான் சொல்லல.”

ஃபேனை நிறுத்தினேன். சித்திரை மாதம், மதியம் 3 மணி. மதுரை வெயில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் சட்டை, ரவிக்கை எல்லாம் நனைந்துபோக ஒரு மணி நேரம் பேசினோம். உண்மையில் அவருக்கு அதுதான் முதல் நாள். தப்பு என்னுடையது, நான்தான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாளே எலக்ட்ரீஷியன் வந்து ஒரு திருகு முடுக்கினார், ஐந்து நிமிஷ வேலை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் நான்கு கேள்வி: ஃபேன் சரியா, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா, ஏதாவது வாசனை இடைஞ்சலா, இந்த நாற்காலி வேண்டுமா அந்த நாற்காலியா. ஊதுபத்தி கொளுத்துவதையும் நிறுத்திவிட்டேன்.

உங்கள் கவுன்சிலர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். “லைட்டைக் கொஞ்சம் கொறைக்கலாமா?” என்று கேட்பது தொந்தரவு கொடுப்பது ஆகாது. ‘எனக்கு இது ஒத்துக்கவில்லை’ என்று ஒரு மனிதரிடம் சொல்லி, அவர் வையாமல் எழுந்து போய் ஸ்விட்சை அணைப்பதைக் கண்ணால் பார்ப்பதே சிகிச்சையில் ஒரு பாகம்.

இன்னும் சில விஷயங்கள் நடக்கும். எதிரெதிரே முறைத்துக்கொண்டு உட்கார வைக்காமல் கொஞ்சம் சாய்வாக நாற்காலி போட்டிருப்போம். கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது இல்லை. பேச வராவிட்டால் எழுதிக் காட்டலாம். அழுகை வந்தால் அடக்க வேண்டாம், “அழாதீங்க” என்று நாங்களும் சொல்லமாட்டோம். நடுவில் பேச்சில்லாமல் போனால் அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது இல்லை. எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ‘அய்யோ, அதையெல்லாம் எதுக்குச் சொன்னோம்’ என்று ராத்திரி முழுக்கப் புரள்கிறவர்கள் உங்களில் அதிகம்.

சொன்னது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே இந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகச் சொல்கிறது. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மதுரை என்னதான் பெரிய ஊர் என்றாலும், நாலு பேரைக் கேட்டால் சொந்தம் வந்துவிடும். “எங்க சித்தப்பாவ உங்களுக்குத் தெரியுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தெரிந்தால் தெரியும் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் என்னிடமே வருவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்பது அவர்கள் முடிவு.

முகத்தைப் பற்றி ஒன்று. மோந்து பார்த்தால் வாடும் அனிச்சம்பூவைவிட, முகம் திரிந்தால் வாடுகிற விருந்தாளி மென்மையானவர் என்று பள்ளியில் படித்திருப்போம். கூருணர்வு உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்க அந்த விருந்தாளிதான். என் புருவம் லேசாக நெளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் காரணத்தைத் தப்பாகப் போட்டுக்கொள்வார்கள். அதனால் வாய்விட்டே சொல்லிவிடுவேன்: “மதியம் சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தி, கொட்டாவி வருது, நீங்க பேசுறதால இல்ல.” உங்களுக்கும் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். “இப்ப என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?” என்பது அந்த அறையில் கேட்கக்கூடிய கேள்விதான்.

5. தொனியை மாற்றுவது

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் ஒன்றைக் கவனித்தார். தங்களைத் தாங்களே இழிவாக நினைப்பவர்கள் அறிவுக்கு எட்டிய பதிலை மிகச் சரியாகவே சொன்னார்கள்: ‘இது என் தப்பு இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.’ ஆனால் மனதுக்குள் அதைச் சொன்ன குரல் கடுகடுவென்று இருந்தது. ஆறுதல் வாக்கியத்தையே வசவு மாதிரி சொல்லிக்கொண்டார்கள். பரிவை மையமாக வைத்த சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. தமிழ்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் நம் பேச்சில் பாதிப் பொருள் தொனியில்தான் இருக்கிறது. “ஏன்டி இப்படி இருக்க?” என்பதை வாசலில் நின்று கத்தினால் வசவு, தலையைத் தடவிக்கொண்டே கேட்டால் அதே மூன்று சொல்லும் பரிவு.

ஒரு பெண்ணிடம் இரண்டு தொனியிலும் சொல்லிப் பாரு என்றேன். முதல் தொனி உடனே வந்தது, அவள் அத்தை குரல் அச்சு அசலாக. இரண்டாவது வரவில்லை. மூன்று முறை வாயைத் திறந்து மூடினாள், அப்புறம் அழுதாள். சரி, அது வேண்டாம், “சாப்பிட்டியாடி?” என்று சொல்லிப் பாரேன் என்றேன். அது வந்தது, நல்ல பதமாகவே வந்தது, அவள் ஆச்சி குரலில். அங்கிருந்து ஆரம்பித்தோம். அலுவலகத்தில் யாராவது ஏதாவது சொல்லி மனசு சுருங்கினால், தர்க்கம் எல்லாம் அப்புறம், முதலில் தனக்குத்தானே ஆச்சி குரலில் “சாப்பிட்டியாடி?”. சிரிப்பாக இருக்கலாம், அவளுக்கு வேலை செய்தது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மனதுக்குள் ஓடும் வசவு வாக்கியத்தை, ஓடுகிற மாதிரியே பேச்சுத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அது யார் குரல் என்று எழுதுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதே நிலையில் உங்கள் தங்கச்சியோ தம்பியோ வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்பதைக் கீழே எழுதி, அதைச் சத்தமாக வாசியுங்கள். மூச்சை நாலு எண்ணிக்கை இழுத்து, ஆறு எண்ணிக்கை விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வாசியுங்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றமாகிறது என்கிறவர்கள் மூச்சை விட்டுவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்து அந்தக் குளிர்ச்சியைக் கவனித்தால் போதும்.

சிலருக்குப் பரிவே பயமாக இருக்கும். அன்பாகப் பேசினால் ஏதோ வரப்போகிறது என்று உடம்பு விறைக்கும், அன்புக்குப் பின்னாலேயே அடி வந்த வீட்டில் வளர்ந்திருப்பார்கள். அவர்களிடம் நாங்கள் இன்னும் மெதுவாகப் போவோம். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

“இப்படிச் செல்லம் கொடுத்தா சோம்பேறி ஆயிற மாட்டனா அக்கா?” என்று கேட்காத ஆள் இல்லை. பரிவு என்பது எல்லாவற்றிலிருந்தும் விலக்குக் கொடுப்பது இல்லை. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

6. வீட்டிலும் திருவிழாவிலும்

திகட்டுகிறது என்று கல்யாணத்தை விட்டால், அடுத்து காதுகுத்தை விடுவீர்கள், அப்புறம் கடைக்குப் போவதை விடுவீர்கள். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அப்போதைக்கு நிம்மதிதான், ஆனால் பயம் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். அதனால் நான் ‘போகாதீர்கள்’ என்று சொல்வதில்லை. எப்படிப் போவது என்று உட்கார்ந்து திட்டம் போடுவோம்.

ஒரு பிள்ளைக்கு அழகர் என்றால் உயிர். ஆனால் அவர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நசுங்கி, ஒருமுறை மயக்கம் போட்டதிலிருந்து நாலு வருஷமாகப் போகவில்லை. போகாததற்கு வீட்டில் தினம் வசவு, தனக்குள் அதைவிட அதிகம். நாங்கள் போட்ட திட்டம்: இந்த வருஷம் ஆற்றங்கரை வேண்டாம். அழகர் மலைக்குத் திரும்புவார் அல்லவா, அப்போது அப்பன்திருப்பதிப் பக்கம் ஏதாவது ஒரு மண்டகப்படியில் போய்ப் பார்ப்பது. கூட அண்ணன், வண்டியை வெளியே எடுக்கிற மாதிரி நிறுத்துவது, தாங்கவில்லை என்றால் அண்ணன் கையை ஒரு அழுத்து, பேச்சு கிடையாது, கிளம்பிவிட வேண்டியது. கையை அழுத்த வேண்டிய தேவையே வரவில்லை. அடுத்த வருஷம் தல்லாகுளம் வரை வந்து பார்த்தது. ஆற்றங்கரைக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, என்னைக் கேட்டால்.

கல்யாணத்துக்கும் இதே கணக்குதான். முதல் நாள் ரிசப்ஷனை விட்டுவிட்டு, விடிகாலை முகூர்த்தத்துக்குப் போங்கள். ரேடியோ செட் குழாயை விட்டுத் தள்ளி உட்காருங்கள். முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய்யை எழுதிவிட்டு வந்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்காரர்களிடம் நீளமாக விளக்காதீர்கள். எலைன் ஏரன், 27 கேள்வி என்றெல்லாம் அம்மாவிடம் ஆரம்பித்தால் “படிச்ச திமிரு” என்ற பதில்தான் வரும். ஒரு வாக்கியம் போதும்: “அம்மா, யார் மேலயும் கோவம் இல்ல. அரை மணி நேரம் மாடில இருந்துட்டு வாரேன்.” இதில் கவனிக்க வேண்டியது ‘வாரேன்’. சொன்ன நேரத்துக்கு இறங்கி வந்துவிடுங்கள். நாலு முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் ஐந்தாவது முறை யாரும் “மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறா” என்று சொல்லமாட்டார்கள்.

7. சில்லறை விஷயங்கள்

எத்தனை முறை வர வேண்டும் என்பதற்கு ஒரே கணக்குக் கிடையாது. நாலைந்து முறை போன பிறகும் அந்த ஆளிடம் மனசு ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். சொன்ன பிறகும் சரிப்படவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். “இவ்வளவு சென்சிட்டிவா இருக்கப்படாது” என்று அறிவுரை சொல்கிறவர், உங்கள் கதையைக் கேட்காமல் தன் கதையைச் சொல்கிறவர், ஜாதகம் கேட்கிறவர் இவர்களிடம் இரண்டாவது முறையே வேண்டாம்.

பலன் இருக்குமா என்றால், இந்தக் குணம் உள்ளவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வசவு எப்படி ஆழமாக இறங்குகிறதோ அப்படியே நல்லதும் இறங்கும். இங்கிலாந்தில் 11 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மனச்சோர்வு வராமல் தடுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியின் பலன் கூருணர்வு அதிகமுள்ள பிள்ளைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது.

கடைசியாக, முதல் நாள் முடிந்து வெளியே வந்த பிறகு என்ன செய்வது. வந்ததே வந்தோம் என்று விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகாதீர்கள். உடம்பு பஞ்சாக இருக்கும், தலை கனக்கும், காரணமில்லாமல் பசிக்கும். யாருக்கும் போன் பண்ணி நடந்ததை ஒப்பிக்க வேண்டாம். கூட வந்தவர் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் “அப்புறம் சொல்றேன்” என்றால் போதும். நேராக வீட்டுக்குப் போய், ரசம் சோறு மாதிரி லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மறுநாள் காலையில், மறப்பதற்கு முன்னால், அறையில் உங்களுக்கு ஒத்துக்கொண்டது எது, ஒத்துக்கொள்ளாதது எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த முறை கையோடு கொண்டு போங்கள். ஃபேனில் சத்தம் வந்தால் அதையும் எழுதுங்கள்.